போர்ச் செய்தி: பார்த்தது யார், சொன்னது யார்?

கடலூர் புதுப்பாளையத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 2025 மே மாதம் இந்தியா பாகிஸ்தான் மோதல் நடந்தபோது ராத்திரி முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கராச்சி துறைமுகம் அழிந்தது என்று சேனல்கள் சொன்னதை நம்பித் தெருவில் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறார். விடிந்ததும் அது பொய் என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து, “எல்லாச் செய்தியும் காசுக்குப் போடுற பொய்தான்” என்று டிவியையே நிறுத்திவிட்டாராம். மகன் கேட்பது இதுதான்: போர் நேரத்தில் எந்தச் சேனல், எந்தப் பத்திரிகை நடுநிலையானது? யாரை நம்புவது?

தம்பி, நான் புதுச்சேரியில் ஒரு நாளிதழின் டெஸ்க்கில் இருபத்திரண்டு வருஷம் உதவி ஆசிரியராக இருந்தவன். நடுநிலையான சேனல் என்று ஒன்றை என்னால் உங்களுக்குக் காட்ட முடியாது. போர் என்று வந்துவிட்டால் எழுதுகிறவனுக்கும் ஒரு நாடு இருக்கிறது, ஓர் இனம் இருக்கிறது, சம்பளம் தரும் முதலாளி இருக்கிறார். சார்பு இல்லாமல் யாரும் எழுதுவதில்லை. ஆனால் சார்பு உள்ளவர் எழுதியதையும் பயன்படுத்த முடியும், தனக்கு அது எப்படித் தெரியவந்தது என்பதை அவர் மறைக்காமல் எழுதியிருந்தால். அதை மறைத்துவிட்டால் எவ்வளவு நல்லவர் எழுதினாலும் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் சேனலைத் தேர்ந்தெடுக்கும் வேலையை விட்டுவிட்டு, ஒவ்வொரு வரியையும் பார்த்து ‘இதைப் பார்த்தது யார், சொன்னது யார்’ என்று கேட்கப் பழகுங்கள்.

அந்த மே 8 இரவையே எடுத்துக்கொள்வோம். கராச்சி துறைமுகம் தகர்ந்தது, இஸ்லாமாபாத் இந்திய ராணுவத்தின் கைக்கு வந்தது, பாகிஸ்தான் ராணுவத் தளபதியைக் கைது செய்துவிட்டார்கள் என்றெல்லாம் சேனல்களில் ஓடியது. எதுவுமே நடக்கவில்லை. கராச்சி என்று பரவிய வீடியோக்களில் ஒன்று அதே வருஷம் ஜனவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த விமான விபத்து. போர் வீடியோ கேமிலிருந்து எடுத்த காட்சிகளும் சுற்றின. அன்றைக்கு என் மச்சானும் பத்தரை மணிக்கு போன் செய்து, “மாமா, கராச்சி க்ளோஸ்” என்றார். “யாருடா பார்த்தது?” என்று கேட்டேன். “எல்லா சேனல்லயும் ஓடுது” என்றார். எல்லா சேனலும் ஒருவரை ஒருவர் பார்த்து ஓட்டினால் அது ஒரே ஒரு செய்திதான், பத்து இல்லை. அந்த ஒன்றுக்கும் சொன்னவர் பெயர் இல்லை.

பாகிஸ்தான் பக்கமும் இதே கதைதான். ஐந்து இந்தியப் போர் விமானங்களை வீழ்த்தியதற்கு என்ன ஆதாரம் என்று சிஎன்என் தொகுப்பாளர் கேட்டபோது, அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் கவாஜா ஆசிஃப் சமூக வலைத்தளங்களைக் காட்டினார். ஒரு நாட்டின் பாதுகாப்பு அமைச்சருக்கே ஆதாரம் வலைத்தளம் என்றால், தெருவில் இருப்பவர் என்ன செய்வார்?

இது ஏன் இப்படி நடக்கிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உட்கார்ந்து திட்டம் போட்டுப் பொய் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் பொய் அப்படிப் பிறப்பதில்லை. வெட்டி வெட்டிப் பிறக்கிறது. முதலில் ஒரு வரி வரும்: ‘கராச்சி துறைமுகப் பகுதியில் வெடிச்சத்தம் கேட்டதாகச் சமூக வலைத்தளங்களில் தகவல் பரவி வருகிறது.’ திரையின் அடியில் ஓடும் டிக்கரில் இது நீளம். அடுத்தவர் ‘கராச்சி துறைமுகத்தில் வெடிச்சத்தம் கேட்டதாகத் தகவல்’ என்று சுருக்குவார். ஃப்ளாஷ் போடுகிறவருக்கு அதுவும் நீளம்: ‘கராச்சி துறைமுகத்தில் குண்டுவெடிப்பு.’ அதைப் பார்த்து இன்னொரு சேனல் ஒரு படி மேலே போக வேண்டும்: ‘கராச்சி துறைமுகம் தகர்ப்பு.’ நாலு பேர் கை மாறியது. நாலு பேரும் கொஞ்சம் கொஞ்சம்தான் வெட்டினார்கள். முதல் வரியில் இருந்த ‘கேட்டதாக’, ‘தகவல்’ இரண்டும் போய்விட்டன. சொன்னவரும் போய்விட்டார்.

தமிழில் இதற்கென்றே ஓர் அருமையான வசதி உண்டு என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வலிக்கும். எங்கள் ஆயா கடலூர் முதுநகர் ஆள். “துறைமுகத்துல படகு கவுந்துடுச்சாம்” என்பார். அந்த ‘ஆம்’ ஒன்றே போதும், அவர் பார்க்கவில்லை, காதில் விழுந்தது என்று கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும். கண்ணால் பார்த்திருந்தால் “கவுந்துடுச்சு” என்பார். பள்ளிக்கூடம் போகாத ஆயா ஒரு நாளும் இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னதில்லை. நாங்கள் படித்துவிட்டு வந்து, தலைப்பில் இடம் போதவில்லை என்று முதலில் வெட்டியது அதைத்தான்.

அப்புறம் ‘வட்டாரங்கள்’. ‘பாதுகாப்பு வட்டாரங்கள் தெரிவித்தன’ என்று படித்திருப்பீர்கள். சில நேரம் அது உண்மையிலேயே பெயர் சொல்ல முடியாத ஓர் அதிகாரி. சில நேரம் அந்த அதிகாரியோடு பேசிய இன்னொரு நிருபர். சில நேரம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்த வரி. படிப்பவருக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். அந்தச் சொல்லின் ஆபத்தே அதுதான்.

2019இல் நம் விமானப்படை பாகிஸ்தானின் பாலகோட்டில் நடத்திய தாக்குதல் இதற்கு நல்ல பாடம். பிப்ரவரி 26 அன்று வெளியுறவுச் செயலர் விஜய் கோகலே பத்திரிகையாளர்களிடம் பேசியபோது பெரும் எண்ணிக்கையில் பயங்கரவாதிகள் கொல்லப்பட்டார்கள் என்றார். எண் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே டிவியில் முந்நூறு என்று ஓடியது. யார் எண்ணியது? வட்டாரங்கள். ஒரு வாரம் கழித்து மார்ச் 4 அன்று விமானப்படைத் தளபதி தனோவா நம்ம கோயம்புத்தூருக்கு வந்திருந்தபோது இதைக் கேட்டார்கள். இலக்கைத் தாக்கினோமா இல்லையா என்றுதான் விமானப்படை பார்க்கும், எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணுவதில்லை என்று சொன்னார். குண்டு போட்ட படையின் தளபதியே நாங்கள் எண்ணவில்லை என்கிறார், ஆனால் ஸ்டுடியோவில் எண் இருந்தது. தாக்குதலுக்கு மறுநாள், பிப்ரவரி 27 அன்று, பாகிஸ்தான் ராணுவம் இரண்டு இந்திய விமானிகளைப் பிடித்துவிட்டோம் என்று அறிவித்தது. மாலைக்குள் ஒருவர்தான் என்று மாற்றிக்கொண்டது. அதே நாளில் காஷ்மீரின் பட்காமில் நம் ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து விமானப்படையினர் ஆறு பேரும் ஊர்க்காரர் ஒருவரும் இறந்தார்கள். நம் ஏவுகணையே அதைத் தாக்கியது, அது எங்கள் பெரிய தவறு என்று அடுத்த தளபதி பதௌரியா அக்டோபரில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

அந்த மாதிரி வரிகளைக் கவனித்து வையுங்கள். தனக்குப் பாதகமானதைத் தன் பெயரிலேயே ஒருவர் ஒப்புக்கொண்டால் அதற்கு எடை அதிகம். 2025 மே 31 அன்று முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌகான் சிங்கப்பூரில் பேசியபோது, நமக்கும் விமான இழப்பு இருந்தது என்று ஒப்புக்கொண்டார், எத்தனை என்று சொல்லவில்லை. இந்தியா எதையுமே இழக்கவில்லை என்று மூன்று வாரம் கத்தியவர்களைவிட, பாகிஸ்தான் சொன்ன எண்ணை அப்படியே எடுத்துப் போட்டவர்களைவிட, அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பெரிது. சொன்னவர் யார், எங்கே, என்றைக்கு, எதைச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார், எல்லாம் அதில் இருக்கிறது.

சார்பும் ஆதாரமின்மையும் சேர்ந்தால் யார் தலையில் விடியும் என்பதற்கும் அதே மே மாதத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஜம்மு காஷ்மீரின் பூஞ்ச் நகரில் பாகிஸ்தான் ஷெல் விழுந்து ஒரு மதரசா ஆசிரியர் இறந்துபோனார். அவர் படத்தைப் போட்டுச் சில சேனல்கள் பயங்கரவாதி ஒழிக்கப்பட்டான் என்றன. எதிரி நாட்டுக் குண்டில் செத்த நம் குடிமகன் அவர். பூஞ்ச் போலீஸ் வெளிப்படையாக மறுத்தது. பிறகு அந்த ஊர் நீதிமன்றம் சேனல்கள்மேல் வழக்குப் பதியச் சொன்னது. அந்த வீட்டில் எழவு விழுந்த அன்று, டிவியைப் போட்டால் அவரைப் பயங்கரவாதி என்கிறார்கள். இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அவர் தாடியும் தொப்பியும் போதும் என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். அது சார்பு. ஊர் போலீஸுக்கு ஒரு போன் போட்டிருந்தால் அந்தச் சார்பு அப்போதே நின்றிருக்கும்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். களத்துக்குப் போக முடியாதது ஒரு முக்கியக் காரணம். படை நடவடிக்கைகளை நேரலையில் காட்டாதீர்கள் என்று 2025 ஏப்ரல் 26 அன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவுறுத்தியது. அதில் தப்பு இல்லை. மும்பைத் தாக்குதலை நேரலையில் காட்டியதால் வீரர்களின் உயிருக்கே ஆபத்து வந்தது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் கசாப் வழக்குத் தீர்ப்பில் கடுமையாகச் சொல்லியிருக்கிறது. சரி, களத்துக்குப் போக முடியாது. ஆனால் இருபத்துநாலு மணி நேரத்தையும் நிரப்ப வேண்டும். அந்தக் காலி இடத்தை ‘எங்களுக்கு இன்னும் தெரியவில்லை’ என்று சொல்லி நிரப்ப எந்தச் சேனலுக்கும் தைரியம் வருவதில்லை. சைரன் சத்தத்தை எடுத்து நிரப்பினார்கள். கடைசியில் சைரனை நிகழ்ச்சிகளில் போடாதீர்கள், மக்களுக்கு நிஜச் சைரன்மேல் பயம் விட்டுப்போகும் என்று குடிமைப் பாதுகாப்புத் துறையே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். இந்தி சேனல்களைக் குறை சொல்வது நமக்குச் சுலபம். ஈழப்போரில் நாம் என்ன செய்தோம்?

2008 செப்டம்பரில் போர் நடந்த வட இலங்கையின் வன்னியிலிருந்து ஐ.நா. அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் இலங்கை அரசு வெளியே போகச் சொன்னது. பத்திரிகையாளர்களையும் சுதந்திரமாக உள்ளே விடவில்லை. கடைசி மாதங்களில் உள்ளே இருந்து போனில் பேசியவர்களில் முக்கியமானவர்கள் அங்கே வேலை பார்த்த சில அரசு மருத்துவர்கள். போர் முடிந்ததும் அவர்களைப் பிடித்துவைத்து, 2009 ஜூலையில் கொழும்பில் பத்திரிகையாளர் முன் உட்காரவைத்து, சாவு எண்ணிக்கையைப் புலிகள் சொன்னபடி கூட்டிச் சொன்னோம் என்று பேசவைத்தார்கள். அவர்களில் ஒருவர் பிறகு வெளிநாடு போனபின், நெருக்கடியில் அப்படிச் சொன்னோம் என்றார். ஒரே ஆள், இரண்டு வாக்குமூலம். எதை எடுத்துக்கொள்வது? எப்போது அவர் பக்கத்தில் காவலர் நின்றார், எப்போது நிற்கவில்லை என்று பாருங்கள். குண்டு விழும் ஆஸ்பத்திரியிலிருந்து பேசியவரின் பக்கத்தில் புலிகள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் ஓர் இதழ், பிரபாகரன் தன் மரணச் செய்தியைத் தானே டிவியில் பார்ப்பது போல் ஒட்டுவேலை செய்த படத்தை அட்டையில் போட்டது. மக்கள் அதை நெஞ்சில் அணைத்துக்கொண்டு போனார்கள். 2023 பிப்ரவரியில் தஞ்சாவூரில் பழ. நெடுமாறன், பிரபாகரன் உயிரோடு இருக்கிறார் என்று அறிவித்தபோதும் சேனல்கள் முழு நாளும் ஓட்டின. ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை.

எண்களுக்கு வருகிறேன். ஐ.நா.வின் இலங்கை அலுவலகம் 2008 ஆகஸ்டிலிருந்து 2009 மே 13 வரை எண்ணியது 7,721 சாவு. தங்களுக்குத் தகவல் கிடைத்து, சரிபார்க்க முடிந்ததை மட்டும் எண்ணினார்கள். கடைசி நாட்கள் அதில் இல்லை. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல், நாற்பதாயிரம் வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம், அந்த வாய்ப்பை ஒதுக்கிவிட முடியாது என்றது. இலங்கை அரசோ பொதுமக்களுக்கு இழப்பே இல்லாமல் போரை நடத்தினோம் என்று சொல்லிவந்தது. அப்புறம் மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் அரசின் விசாரணை ஆணையத்திடமே கொடுத்த கணக்கு. 2008 அக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு கச்சேரிகளின், அதாவது மாவட்ட அரசு அலுவலகங்களின், பதிவுப்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். போருக்குப்பின் அரசுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேருக்கு என்ன ஆனது என்று கேட்டார்.

அந்தக் கணக்கைப் போல நேர்மையான ஒன்றை நான் டெஸ்க்கில் பார்த்ததில்லை. ஆயர் ஒரு தமிழர், தன் மக்களுக்காகப் பேசியவர், அவருக்குச் சார்பு இருந்தது. ஆனால் எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணைக் கழித்தார் என்று காட்டிவிட்டார். அவரைப் பிடிக்காதவரும் பேப்பரை எடுத்துக் கழித்துப் பார்க்கலாம், பதிவு சரியா என்று கேட்கலாம். அந்த எண்ணுக்கு நான் வைத்த தலைப்பு: ‘வன்னியில் 1.46 லட்சம் தமிழர் படுகொலை.’

மறுநாள் மதியம் கீழ்ப்புதுப்பட்டு இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். 1990இல் வந்தவர். அவர் கத்தவில்லை, நிதானமாகத்தான் கேட்டார்: “தம்பி, கணக்கில இல்லையெண்டுதானே ஆயர் சொன்னவர்? செத்திட்டினம் எண்டு நீங்கள் எப்பிடிப் போட்டனீங்கள்? என்ர தம்பியை அவன்ர மனுசி வட்டுவாகலில ஆமியிட்டக் கையளிச்சவள். நாங்கள் அவனைத் தேடிக்கொண்டிருக்கிறம்.”

என்னிடம் பதில் இல்லை. தமிழர் பக்கம் நின்று எழுதுகிறேன் என்றுதான் அந்தத் தலைப்பை வைத்தேன். ராணுவத்திடம் உயிரோடு ஒப்படைக்கப்பட்ட ஒருவரை நானே சாகடித்து, அவன் எங்கே என்று கேட்கும் உரிமையை அந்த அம்மாவின் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறேன். கணக்கில் வராதவர் என்றால் அரசு பதில் சொல்ல வேண்டும். செத்தவர் என்றால் பேச்சு முடிந்துவிட்டது. செய்தி ஆசிரியரிடம் சொன்னேன். உள்பக்கத்தில் இரண்டு வரி திருத்தம் போட்டார்கள். தலைப்பு நாலு பத்தி அகலம், திருத்தம் இரண்டு வரி. இன்றைக்கும் அந்த எண்ணைக் கொல்லப்பட்டவர்கள் என்று மேடையில் சொல்கிறவர்களைக் கேட்டால் எனக்கு அந்தக் குரல்தான் காதில் விழும்.

சார்பு உள்ளவர் எழுதியது பயன்படும் என்று மேலே சொன்னேன் இல்லையா? அதற்கு நம் ஊரிலேயே ஒருவர் இருக்கிறார். புதுச்சேரியில் ரங்கப்பிள்ளை வீதியில் நடந்திருப்பீர்கள். ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும், பிரெஞ்சுக்காரரிடம் பிழைத்தவர். துய்ப்ளேயின் மனைவியை அவருக்கு ஆகவே ஆகாது. 1736இலிருந்து எழுதிய நாட்குறிப்பில் அந்தச் சார்பெல்லாம் அப்பட்டமாகத் தெரிகிறது. ஆனாலும் 1748இல் ஆங்கிலேயத் தளபதி போஸ்காவன் புதுச்சேரியை முற்றுகையிட்ட நாட்களுக்கு இன்றும் வரலாற்றாசிரியர்கள் அவரிடம்தான் போகிறார்கள். யார் வந்து சொன்னார்கள், எங்கிருந்து கடுதாசி வந்தது, துரை என்ன கேட்டார், தான் என்ன பதில் சொன்னார் என்று எழுதிக்கொண்டே போகிறார். ஊரில் பேசிக்கொண்டதை ஊரில் பேசிக்கொண்டதாகவே எழுதுகிறார். மழைக்காலமும் நோயும் நெருக்கி போஸ்காவன் திரும்பிப் போனார். வெற்றி என்று துய்ப்ளே கொண்டாடினார். கொண்டாட்டத்தை மட்டும் படித்தால் துய்ப்ளே என்ன சொல்ல விரும்பினார் என்பது தெரியும். நாட்குறிப்பைப் படித்தால்தான் ஊர் எப்படிப் பயந்தது, எதை நம்பியது என்பது தெரியும்.

அதனால் உங்கள் அப்பாவிடம் “அந்தச் சேனலைப் பார்க்காதீங்க, இதைப் பாருங்க” என்று சொல்லாதீர்கள். அவரோடு உட்கார்ந்து ஒரே ஒரு செய்தியை எடுங்கள். சொன்னவருக்குப் பெயர் இருக்கிறதா, அவர் அங்கே இருந்தாரா, எண் இருந்தால் எண்ணியது யார், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, ‘பலி’ என்று போட்டிருந்தால் உள்ளே ‘காணவில்லை’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பைப் படித்துவிட்டுக் கடைசிப் பத்திக்குப் போங்கள், மறுப்பும் சந்தேகமும் பெரும்பாலும் அங்கேதான் ஒதுக்கப்பட்டிருக்கும். ராத்திரி பத்து மணிக்கு வந்தது காலை பேப்பரில் வரவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் அவரிடம் கேளுங்கள். எல்லையில் இருந்த நாட்களில் ரோந்து போய்வந்த ஒருவர் ‘அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம்’ என்று வந்து சொன்னால், நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள் அப்பா என்று. பதினேழு வருஷம் அந்த வேலை பார்த்தவருக்கு என்னைவிட நன்றாகப் பதில் தெரிந்திருக்கும். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள் தம்பி.